தாள் நழுவாமல்

சாட்சிக் கூண்டில் நின்ற என் கட்சிக்காரியின் தம்பி, சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் சமரச அறையில் தண்ணீர் பாட்டில் மூடியையும் இப்படித்தான் திருகினான். நான் உயிலை அவன் முன்னால் வைத்தேன்.

"இது உங்க அப்பா கையெழுத்துதானே?"

"இல்லைங்க."

"பின்ன யாரோடது?"

"அதை எங்க அக்காகிட்டதான் கேக்கணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அக்கா எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். படுக்கையில் விழுந்த அப்பாவைப் பதினொரு வருடம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள். அவர் எழுதிவைத்த வீட்டில் இப்போது தனியாக இருக்கிறாள். வீடு போனால்கூடத் தாங்கிக்கொள்வேன், கள்ளக் கையெழுத்துப் போட்டவள் என்று தீர்ப்பில் எழுதிவிட்டால் அதற்கப்புறம் கண்ணாடி பார்க்க முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்ட இருவரும் உயிரோடு இல்லை.

சமரசத்துக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். நீதிமன்றத்தின் மாடியில் வட்ட மேசை போட்ட சின்ன அறை. "இங்க பேசுறது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது. ஜட்ஜ் காதுக்கும் போகாது" என்று சமரசர் ஒருமுறை சொன்னார். பயந்துபோயிருந்த இருவருக்காகவும் நான் மறுமுறை சொன்னேன். இருபது வருடமாகச் சொல்லிவரும் வாக்கியம் அது. எத்தனையோ பேரின் வாயை அது திறந்திருக்கிறது. அன்றும் திறந்தது. ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்த தம்பி, மூடியைத் திருகியபடி, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா போட்டதுதான். கை நடுங்கிச்சு அவருக்கு. பேப்பர் நழுவாம நான்தான் பிடிச்சுக்கிட்டேன்." பிறகு, "மாடி ரூமை மட்டும் குடுத்திடுக்கா. பையன் படிக்கிறதுக்கு. வேற எதுவும் வேண்டாம்" என்றான்.

அந்த நொடியில் நான் அவள் கையைப் பிடித்து அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள்ளும் ஜெயித்த ருசி ஊறிவிட்டிருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதான் உண்மையை ஒத்துக்கிட்டியே. இனி ஒரு செங்கல்கூடக் கிடையாது."

தம்பி மூடியை இறுக்கிவிட்டு எழுந்து போய்விட்டான். படியிறங்கும்போது அவள் கேட்டாள்: "ஜெயிச்சிட்டோம்ல, மேடம்?" சமரச அறையில் சொன்னதைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது என்று நான் விளக்கினேன். "அது எப்படி? நாலு பேரு காதால கேட்டோமே" என்றாள். பிறகும் நாலைந்து தடவை போனில் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை, ஒரே குரலில் சொன்னேன்.

"உங்க அப்பா கையெழுத்துப் போட்டப்ப பக்கத்துல யார் இருந்தா?" என்று கூண்டில் நின்றவனிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. நான் அந்த வாரம் ஊர்லயே இல்லைங்க."

பின்னாலிருந்து என் அங்கி இழுபட்டது. "கேளுங்க மேடம். பேப்பரைப் பிடிச்சது யாருன்னு கேளுங்க."

"அன்னிக்கு அந்த ரூம்ல நீங்க..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

நீதிபதியின் பேனா நின்றது. "எந்த ரூம்?"

எதிர்த் தரப்பு வக்கீல் பாதி எழுந்திருந்தார். அன்று அந்த மேசையில் அவரும்தான் இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேண்டாம் என்று கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தார். அங்கி மீண்டும் இழுபடும் என்று காத்திருந்தேன். இழுபடவில்லை.

"கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்லை."

தம்பியின் வாக்குமூலம் மூன்று தாள்களாக அச்சாகி வந்தது. தம்பி கூண்டிலிருந்து இறங்கி, கையெழுத்துப் போட கிளார்க்கின் மேசைக்குக் குனிந்தான். மேலே சுற்றிய காற்றாடி தாளைத் தூக்கியது.

"இந்த ஃபேன் ஒண்ணு. வெயில்ல செத்துக் கிடக்கும், கையெழுத்துன்னா உயிர் வந்துடும்" என்றார் கிளார்க்.

நான் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போனதைக் கவனிக்கவில்லை. பார்த்தபோது மேசையின் மறுபுறம் நின்று, தாளின் மேல் ஓரத்தை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி நிமிரவில்லை. பேனா முனை தாளைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"ம், போடுங்க" என்றார் கிளார்க்.

அவள் விரல்களை எடுக்கவில்லை.