பாட்டு நின்ற பிறகு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். இஸ்திரி இயந்திர உருளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் பெருத்துவிட்டது. வீட்டில் ரகசியம் பேசினாலும் அடுத்த வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள் என்று கணவர் கேலி செய்வார். ஓர் ஆலயத்தில் பாட்டும் அமைதியுமாய் நடக்கும் மௌன ஜெபத்துக்கு அவள் கிளம்பியபோது, "பாத்து, அங்க மூச்சுகூட மெதுவாத்தான் விடணுமாம்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பாட்டை நடத்துகிறவள் அவளுடைய தங்கை. இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அம்மா இரண்டு வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது பார்த்துக்கொண்டது அக்காள்தான். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போவாள். அடக்கத்தன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையில் அக்காள் சொல்லிவிட்டாள்: "பாட்டுப் பாடினா படுக்கைப்புண் ஆறாதுடி." தங்கை கல்லறையிலிருந்து நேரே பஸ் ஏறிப் போனவள்தான்.

போன ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நின்ற அக்காளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. வாங்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இன்று வந்திருக்கிறாள்.

சின்ன ஆலயம். விளக்குகளைத் தணித்து, பீடத்தின் முன் மெழுகுவர்த்திகள் ஏற்றியிருந்தார்கள். முன்வரிசையில் தங்கையின் முதுகு தெரிந்தது. பின்னலில் நரை ஓடியிருந்தது. அக்காள் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டாள். பிரசங்கம் கிடையாது. 'ஆண்டவரே, என் பாரம் உம் கையில்' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். தங்கை குரலைத் தாழ்த்தினால் எல்லோரும் தாழ்த்துவார்கள், அவள் நிறுத்தினால் நிறுத்துவார்கள், அப்புறம் பத்து நிமிஷம் மௌனம். இது அங்கே வழக்கமாய் வருகிறவர்களுக்குத் தெரியும். அக்காளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

முதலில் உதட்டுக்குள் முணுமுணுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது தடவை ஆகியிருக்குமோ என்னவோ, வரி தானாகவே அவளை இழுத்துக்கொண்டு போனது. அம்மாவின் புண் விழுந்த முதுகு கண்முன் வந்தது. மற்றவர்கள் நிறுத்தியதை அவள் அறியவில்லை. அந்த அமைதிக்குள் அவள் குரல் மட்டும், சுருதி சேராமல், கனத்து ஒலித்தது.

'என் பாரம்' என்ற இடத்தில்தான் உறைத்தது. கண்ணைத் திறந்தாள். இரண்டு மூன்று தலைகள் திரும்பியிருந்தன. முகம் பற்றி எரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் தங்கையின் ஜெபத்தையும் கெடுத்தாயிற்று. குரல் பாதியில் அறுந்தது.

அறுந்த இடத்திலேயே முன்வரிசையிலிருந்து ஒரு குரல் பிடித்துக்கொண்டது. 'உம் கையில்.' தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது, அதுதான் முறை என்பதுபோல. அக்காளால்தான் பாட முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மௌனமும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தங்கை வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாய் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சில் அக்காளுக்கு ஒரு சொல்தான் எஞ்சியிருந்தது.

"தப்புடி."

"நீ சொன்னது பொய் இல்லக்கா. அதான் அவ்வளவு வலிச்சுது."

"உண்மையா இருந்தா மட்டும்? அம்மாவைக் கிடத்தி வச்சுக்கிட்டா சொல்றது?"

தங்கை அக்காளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கை அது. அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்லையேக்கா. இப்ப சொல்றியா?"

அக்காள் சொல்லத் தொடங்கினாள். அம்மாவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பாள், எந்தப் பக்கம் வலிக்கும், கஞ்சி வேண்டாமென்றால் என்ன சொல்லி ஏமாற்றுவாள் என்று ஒவ்வொன்றாய். ஆலயக் காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார். இவர்களைக் கண்டதும், தலைக்கு மேலிருந்த கடைசி விளக்கை மட்டும் எரியவிட்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.