உபயம்: வசுந்தரா ராகவன்

மந்தைவெளியில் எங்கள் தெரு மன்றத்து ஹாலை இடித்துக் கட்டும் பொறுப்பை நீரஜாவிடம் கொடுத்தார்கள். போன வருஷம் அடையாறிலிருந்து குடிவந்தவள்! வருஷா வருஷம் அந்த ஹாலில் நவராத்திரிக்குச் சுண்டல் பண்ணிப்போட்ட நான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்குக் குறை கண்டுபிடிக்கவே போனேன். ஒழுகாத கூரை, கேரம் ஆடத் தனி அறை, மணக்கிற கழிவறை. எனக்கு வயிறு எரிந்தது.

சரி, என் ஃபேனையாவது பார்ப்போம் என்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்தது. மூன்று இறக்கையிலும் ‘உபயம்: வசுந்தரா ராகவன்’ என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். பழைய ஹாலில் அது ரிப்பேராகி நின்றே கிடந்ததால், அண்ணாந்தவர்கள் எல்லாரும் என் பேரைப் படித்தார்கள்.

இப்போது அது ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. நீரஜா ரிப்பேர் பண்ணிவிட்டாளாம். பேர் இருந்த இடத்தில் வெறும் சிவப்பு வளையம்!

யாரும் கவனிக்காதபோது சுவிட்சை அணைத்தேன். இறக்கைகள் மெதுவாக நின்றன. என் பேர் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ, யாரு ஃபேனை நிறுத்தினது? வேர்த்துக் கொட்டறது!" பந்தியே கத்தியது.

நீரஜா ஓடிவந்து சுவிட்சைப் போட்டாள்.

"அப்பாடா! நீ நன்னா இருக்கணும்டி நீரஜா!" என்றார்கள் எல்லாரும்.