ஓட்டை மேசு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலுக்குப் போகிறவனிடம் யாரும் கெட்ட கதை கதைக்கமாட்டார்கள். முதல்நாள் காற்று பாயைக் கிழித்திருந்தாலும் "கடல் நல்லாய்க் கிடக்கு" என்றே அனுப்பிவைப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் கிறிஸ்துநாயகமும் சொன்னான்.

எண்பத்துநாலில், ஜேர்மன் கப்பலில் வேலை செய்துவிட்டு அவன் விடுமுறையில் வந்தபோது, மனைவி மக்டலீனின் தம்பி சிமியோன் கேட்டான்:

"அத்தான், கப்பலேற ஜேர்மனியிலை பிளேனாலை இறங்கினால் எப்படி நடத்துவாங்கள்?"

"கோப்பி தந்தவங்கள். தங்கமான சனம்."

அந்தக் கோப்பியை நம்பிச் சிமியோன் வள்ளத்தை விற்று, அதே கப்பலில் வேலை எடுத்தான். "அத்தான் சொன்ன நாடு, பயமில்லை" என்று மக்டலீன் தம்பிக்குச் சோறு போடும்போதெல்லாம் கிறிஸ்துநாயகம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பான். பயணம் போகிறவன் என்று மூடிக்கொள்வான்.

சிமியோன் புறப்படும் நாள், வழியனுப்ப வந்த கிறிஸ்துநாயகத்தை ரயில் நிலைய வாசலில் ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். அவன் வாய் திறக்கமுன்னரே கிறிஸ்துநாயகம் சப்பாத்தைக் கழற்றி, பெல்ற்றை அவிழ்த்து, காலை அகட்டிச் சுவரில் கைவைத்து நின்றான். ஆமிக்காரன் சிரித்துவிட்டான். அவன் கேட்கவிருந்தது அடையாள அட்டையைத்தான்.

மேடைக்கு வந்ததும் சிமியோன் மெல்லக் கேட்டான்.

"இதை எங்கை பழகினனீங்கள்?"

"கோப்பி தந்த இடத்திலை."

பிறகு எல்லாம் சொன்னான். விமான நிலையத்தில் ஒரு சின்ன அறை. உடுப்பு முழுக்கக் கழற்றச் சொன்னது. காலில் கிடந்த மேசை, அந்தக் காலுறையை, உருவி உதறியபோது அதிலிருந்த ஓட்டையைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தது. எல்லாம் முடிந்த பிறகு தந்த கோப்பி.

"பிறகு நல்ல சனத்தையும் கண்டனான். துறைமுகத்திலை ஒரு மனுசி தன்ரை புருசன்ரை குளிர்ச்சட்டையைத் தந்தவ. ஆனால் அந்த நாட்டின்ரை பேரைக் கேட்டால் எனக்கு அந்த அறைதான் வருகுது."

"உவ்வளவும் தெரிஞ்சும் என்னை வள்ளத்தை விற்க விட்டனீங்கள்."

ரயில் வந்தது. சிமியோன் ஏறி யன்னலோரம் இருந்தான்.

"சொல்லியிருந்தாலும் போயிருப்பன், அத்தான். மேசையாவது பாத்துப் போட்டிருப்பன்."

சப்பாத்திலிருந்து காலை உருவிக் காட்டினான். பெருவிரல் வெளியே நின்றது.

கிறிஸ்துநாயகம் மேடையிலேயே குந்தித் தன் மேசைக் கழற்றி யன்னலால் நீட்டினான். சிமியோன் வாங்கிக்கொண்டான், முகம் பார்க்கவில்லை.

"அக்காவிட்டை நீங்களே சொல்லுங்கோ."

வெறுங்காலில் சப்பாத்துக் கடிக்கக் கடிக்கக் கிறிஸ்துநாயகம் வீட்டுக்கு நடந்தான். வாசல் படலையடியில் மக்டலீன் நின்றாள்.

"தம்பி சந்தோசமாய்ப் போனவனோ?"

'ஓம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. கிறிஸ்துநாயகம் அதை விழுங்கிக்கொண்டான்.

"இரு, மக்டலீன். ஒரு கதை சொல்லவேணும்."