முதல் பக்கத்து அம்மா

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மே மாதத்து வெயில். கால் வேறு வீங்கியிருந்தது. உட்காரச் சொன்ன ஒருவரிடம்கூட, "நின்னே பழகிருச்சு, நீங்க இருங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். பையில் இருந்த அச்சுத்தாள்கள் என்னை அப்படி ஆக்கியிருந்தன.

மிஷன் பள்ளியில் பதினாறு வருஷமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். பெயர் கனகமணி, நிறம் கறுப்பு. 'மாநிறம்தான்' என்று தேற்ற வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஓவியம் நானாகக் கற்றுக்கொண்டது. என் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்தால் தங்கள் முகத்துக்கு மட்டும் ரோஸ் கலர் தேடுவார்கள். அவர்கள் பார்த்த புத்தகங்களில் பிள்ளைகள் எல்லாம் அந்த நிறம். பதினாறு வருஷம் இதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான், இரண்டு கோடை விடுமுறையைத் தின்று, அ முதல் ஃ வரை பதின்மூன்று பக்கம் வரைந்தேன். ஆடு மேய்க்கிறவன், ஊஞ்சல் ஆடுகிறவள், எல்லாரும் எங்கள் ஊர்க் கறுப்பு. எண்ணெய் தேய்த்து மினுங்குகிற நல்ல கறுப்பு. அ பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஓர் அம்மா. அவளை வரையும்போது எனக்கே என் மேல் பிரியம் வந்தது. அதற்கு முன் அப்படி வந்ததில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகம், பள்ளி திறப்பதற்குள் போட்டுத் தர ஒத்துக்கொண்டது. மாதிரித் தாள்கள் தபாலில் வந்தன. பிரித்துப் பார்த்தால், பதின்மூன்று பக்கத்திலும் எல்லாரும் ரோஜாப்பூ நிறம்.

அப்போதெல்லாம் படத்தை அச்சுக் கல்லில் எழுதித்தான் தாளில் ஒற்றுவார்கள். அச்சகத்தில் அப்படிக் கல்லில் படம் எழுதுகிறவர் பெத்தணன். ஐம்பது வயது, என்னைவிட இரண்டு பங்கு கறுப்பு. என் படங்களைப் பார்த்து, நிறத்துக்கு ஒரு கல்லாகப் புள்ளி புள்ளியாய் எழுதியவர் அவர்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க டீச்சர். படம் பாத்தீகளா? பையில வச்சதுல கலர் அழுக்காயிருச்சு போல, பிள்ளைக மூஞ்சியெல்லாம் இருண்டு கெடந்துச்சு. கல்லுல எழுதும்போது நானே வெளுப்பாக்கிட்டேன்."

"யாரு அண்ணாச்சி ஒங்கள வெளுப்பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. டீச்சர் படம் நல்லா வரணும்னு நானாத்தான் செஞ்சேன். பதினஞ்சு நா வேல."

கூலிக்கு மேல் அன்பையும் போட்டுச் செய்திருக்கிறார். திட்ட வந்தவள், பையிலிருந்த தாள்களை எடுத்து அவர் முன் விரித்தேன்.

"அழுக்கில்ல அண்ணாச்சி. அது நான் வேணும்னே போட்ட நெறம். நம்ம நெறம்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமாகக் காலண்டர் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ரோஸ் பூசிய கை. "நம்ம நெறத்த யாரு டீச்சர் புத்தகத்துல போடுவாக?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

முதலாளி சுந்தரபாண்டி கெட்டவர் இல்லை. ஆனால் சீசனுக்கு வெடி லேபிள் ஆர்டர் வந்து குவிந்திருந்தது. "நாளைக்கு ஒங்க கல்லு மெஷின்ல ஏறணும் டீச்சர். இன்னைக்கு ஒரு நாள்ல என்ன திருத்த முடியுமோ திருத்தட்டும். அதுக்கு மேல ஏங்கிட்ட கேக்காதீக."

பழுப்பு மைக்கான கல்லில் ஓர் உருவம் முழுக்கப் புள்ளி வைக்க ஒரு பகல் பிடிக்கும். ஆக, அத்தனை பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆள். 'புத்தகமே வேண்டாம்' என்று படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அசதி. வெறுங்கையோடு அந்த பஸ்ஸில் மறுபடி ஏற என்னால் முடியவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "அம்மாவ மட்டும் மாத்துங்க" என்றேன். பிள்ளைகள் முதலில் பார்ப்பது அவளைத்தானே.

பெத்தணன் சாப்பிடக்கூட எழவில்லை. சாயங்காலம் ஒற்றி எடுத்துக் காட்டிய தாளில் அவள் கறுப்பாக நின்றாள். கழுத்து, தோள், பிள்ளையை அணைத்த கை, எல்லாம் நான் வரைந்தபடியே. "எங்க ஆத்தா சாடையா இருக்கு டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஒருத்தியாவது தப்பித்தாளே என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

பள்ளி திறந்த வாரம் வகுப்பில் புத்தகத்தைக் கொடுத்தேன். முன்வரிசையில் இருளம்மாள். தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிற செல்லத்தாயின் மகள். தாயும் மகளும் ஒரே கறுப்பு. எல்லாரையும் முதல் பக்கத்தில் விரல் வைக்கச் சொல்லி, "அ, அம்மா" என்றேன். வகுப்பே திருப்பிச் சொன்னது. இருளம்மாள் மட்டும் விரலை எடுத்தாள். அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்கே வந்தாள்.

"டீச்சர், அம்மாவக் காணோமே?"

"இந்தா நிக்காகள்ல, பிள்ளையத் தூக்கிக்கிட்டு."

அந்த ரோஸ் நிறப் பிள்ளையையும் அதைத் தூக்கியிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, டீச்சருக்குத் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"இவுக வேலைக்கு நிக்கிறவுக டீச்சர். அம்மா வீட்டுக்குள்ள இருப்பாக."