அருள்மேரியின் லேஸ் முக்காடு

1991 செப்டம்பர், முதல் ஞாயிறு. எட்டரைப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது.

மாதா கோயில் வாசலில் ஆபிரகாம் சுருட்டிய தாளோடு நின்றான். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் அவன். அருள்மேரியைக் கட்டிக்கொள்ள ஆசை. சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லாதவன். பூசையில் மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்து அவளுடைய லேஸ் முக்காட்டை மட்டும் பார்ப்பான். அதைத்தான் பென்சிலில் வரைந்து வந்திருந்தான்.

துணைக்கு வந்த நாகப்பன், அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர், தாளைப் பிரித்தான்.

"இன்னாபா இது? ஒரு பூவப் போட்டு, மீதி இதே மாதிரின்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுது. ஆபீஸ்ல அப்டித்தான செய்வே?"

"இது மிஷின் பார்ட் இல்லடா."

"இத்தினி ஓட்டையா! சூப்பர்வைசர் பாத்தா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த அருள்மேரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஆபிரகாம் தாளை நீட்டினான்.

"உங்க முக்காடு."

அவள் வாங்கி வெயிலில் பிடித்தாள். துணிக்கடையில் செய்வதுபோல் ஓரத்தை இரு விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது. சிரித்தாள்.

"நூல் முறுக்கு கூட தெரியுது. ஓட்டைக்குள்ள தலைமுடி வேற!"

"ஒவ்வொண்ணும் தனித்தனியா போட்டது."

"அதான் சொல்றேன், பைத்தியம்னு" என்றான் நாகப்பன்.

அவள் மெல்ல ஊதினாள். தாளில் லேஸ் அசையவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போலும். மறுபடி ஊதினாள். பிறகு இடது மூலையில் அவள் விரல் நின்றது.

"இது இன்னா, கருகுன மாதிரி?"

"அதுவும் இருந்துச்சே" என்றான் ஆபிரகாம் பெருமையாக. "இருந்தத அப்படியே போட்டேன்."

"ஆகஸ்ட் பதினஞ்சு, மாதா தேர் அன்னிக்கு மெழுகுவத்தி பட்டது."

"ஆமாவா?"

"கருகுனத நான் போட மாட்டேன்னு அன்னிக்கு ராத்திரியே தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன்."

கோயில் படியில் அவள் தங்கை ஷாலின், தன் தலையிலிருந்த லேஸ் முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாகப்பன் அங்கே பார்த்தான். பிறகு செருப்பைத் தேடப் போய்விட்டான்.

அருள்மேரி தாளைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் செருகினாள்.

"ரெண்டு வாரமா எந்தத் தலையப் பாத்துகினு இருந்தீங்க?"