மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே

1

இந்தக் கதை சமையலறை ஜன்னலில் பிறந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கள் பட்டறை முற்றம், முற்றத்தில் எங்கள் லாரி. காலை பத்தரை மணிக்கு என் கணவர் அதன் இன்ஜினில் யாருக்கும் தெரியாமல் ஆயில் ஊற்றினார். கால் மணி நேரம் கழித்து என் அம்மா அதே இன்ஜினில் யாருக்கும் தெரியாமல் ஆயில் ஊற்றினாள். அவர் ஊற்றியது இவளுக்குத் தெரியாது, இவள் ஊற்றியது அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

"ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சொல்லத் துப்பில்லாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லாரி நாலு மணிக்குக் கிளம்புகிறது. மூன்று நாள் ஓட்டம், பாதி மலைப்பாதை. இப்போது மணி ஒன்றரை. அதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காலைக் கதிரின் பொன்னொளியில் அந்த இரும்பு யானை மெல்ல மூச்சு—"

சீச்சீ. அம்மா இதைக் கேட்டால், "மூச்சு விடுதுன்னா ஏர் லீக் இருக்கு, பாரு" என்பாள்.

அடுத்து:

"ஒரு மாமியாருக்கும் ஒரு மருமகனுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த மரியாதையால் ஓர் இன்ஜின் நாசமாய்ப்—"

இது பரவாயில்லை. ஆனால் இன்ஜின் இன்னும் நாசமாகவில்லை. ஆகும் என்று எழுதக் கை வரவில்லை.

சரி, அலங்காரம் வேண்டாம். என் அம்மா லாரி மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறு முனையில் காதை வைத்துக் கேட்பாள். அதனால் வண்டிக்காரர்கள் அவளை 'டாக்டரம்மா' என்கிறார்கள். என் கணவர் டிரைவர். எந்த ரோட்டிலும் நாற்பதைத் தாண்ட மாட்டார், பின்னால் எப்போதும் பத்து வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அதனால் அவர் பெயர் 'ஊர்வலம்'. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

மரியாதை என்றால் சாதாரண மரியாதை இல்லை. அவர் உள்ளே வந்தால் அம்மா எழுந்துவிடுவாள். அம்மா நின்றால் அவர் உட்கார மாட்டார். "உக்காருங்க மாப்ள." "நீங்க உக்காருங்க அத்தை." நான்கு நாற்காலி போட்ட கூடத்தில் இரண்டு பேரும் கம்பம் மாதிரி நிற்பார்கள். இந்த இரண்டு வருஷத்தில் ஒருவரையொருவர் பார்த்து 'நீங்க செஞ்சது தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

3

(ஆயில் மாற்றத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இல்லை, போகாதீர்கள். இன்று தப்பு செய்தது தெரிந்தவர்கள்தான்.)

பழைய ஆயிலை இறக்கி, புது ஃபில்டர் மாட்டி, புது ஆயில் ஊற்றியதும் அளவுக் குச்சியை இன்ஜினிலிருந்து எடுத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். நம்பக் கூடாது. புது ஃபில்டர் காலி வயிறு. இன்ஜின் ஓடினால் தன் பங்கைக் குடிக்கும். அதனால் இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்த வேண்டும். நிறுத்தின கையோடு குச்சியை எடுத்தால் குறைவாகக் காட்டும். அதையும் நம்பக் கூடாது, ஏனென்றால் ஆயில் இன்னும் மேலேயே இருக்கிறது. சமதளத்தில் வண்டி நிற்க, பத்து நிமிஷம் காத்திருந்தால்தான் எல்லாம் கீழே வந்து சேரும். அப்போது குச்சியில் உள்ள இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். கீழ்கோட்டுக்குக் கீழே போனால் இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். மேல்கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழல்வது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காப்பாற்றாது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை வேறு பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

"இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை அந்தப் பத்து நிமிஷம்தான்" என்பாள் அம்மா.*

* அந்தப் பத்து நிமிஷமும் அவள் ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

4

காலையில் அம்மா எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தாள். ஓட்டினாள், நிறுத்தினாள், ஸ்பானரைத் துடைத்தாள். பத்து நிமிஷம் கழித்துக் குச்சியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கையெல்லாம் கிரீஸு. எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு."

குச்சியைப் பிடித்திருந்ததே அந்தக் கைதான். கிரீஸுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? புது ஆயில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், கோடு அவளுக்குத் தெரிவதில்லை. ஆறு மாதமாகவே தெரிவதில்லை. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே" என்றேன். அது சத்தியமாகச் சரி.

அம்மா குளிக்கப் போனாள். அவர் தார்ப்பாய் கட்டுவதற்காக வண்டியைக் கேட் பக்கம் நகர்த்தினார். அங்கே தரை சரிவு. இன்ஜினை நிறுத்தினார், உடனே குச்சியை உருவினார். கீழ்கோட்டுக்கும் கீழே காட்டியிருக்க வேண்டும். முகம் அப்படிப் போனது. குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அத்தையிடம் போய் 'குறையுது' என்று எப்படிச் சொல்வார்? கேனை எடுத்துச் சாய்த்தார். எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா வந்தபோது மூடியை மூடிவிட்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஏதாவது குறையா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க அத்தை. எல்லாம் கரெக்டா இருக்கு."

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன வேகத்திலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, பாதி. 'குறையாகத்தான் இருக்கிறது, மரியாதைக்காகச் சொல்லாமல் போகிறார்' என்று. அவர் கயிறு எடுக்கப் போனதும் குச்சியை உருவினாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், வெயிலுக்குக் காட்டினாள். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கதைப் புத்தகம் படிக்கிற இவள் குச்சியைப் படித்த லட்சணம் இதுதான் என்று நினைத்திருப்பாள்.

கேனை எடுத்தாள்.

5

இந்தக் கதையில் ஒரு பாத்திரம் சரியாக அமையவில்லை: மகள். ஜன்னலில் நின்று பார்க்கிறாளே தவிர, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். 'ஏன்?' என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். அரை மணி நேரம் பதில் வரவில்லை.

வந்தது. எழுதிவிடுகிறேன்.

மூன்று மாதம் முன்னால் அம்மா என்னிடம் சொன்னாள்: "மாப்ள எந்நேரமும் கிளட்ச் மேலயே காலை வச்சிருக்காரு. தேஞ்சிடும். பக்குவமா நீ சொல்லு." நான் அவரிடம் சொன்னது: "உங்க ஓட்டு ரொம்ப நிதானம்னு அம்மா சொன்னாங்க."

அவர் சொன்னார்: "அத்தையைக் கண் டாக்டர்கிட்ட காட்டணும். நட்டைத் தடவித் தடவி மாட்டுறாங்க. நீ சொல்லேன்." நான் அம்மாவிடம் சொன்னது: "உடம்பைப் பாத்துக்கச் சொன்னாரும்மா."

இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல். போன மாதம் கிளட்ச் பிளேட் தேய்ந்து நடுரோட்டில் வண்டி நின்றது.

இந்த வீட்டில் புனல் நான்தான். இரண்டு பக்கமும் இனிப்பாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், அளவு பார்க்காமல்.

6

முடிவு ஒன்று: மகள் சொல்லவில்லை. மலையில் மூன்றாவது வளைவில்—

எழுத மாட்டேன். அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது என் ஆள்.

முடிவு இரண்டு: மகள் கணவனிடம் போய், "என்னங்க, அம்மா திருஷ்டிக்காக ஒரு லிட்டர் சேர்த்தாங்களாம்" என்று ஏதோ ஒரு கதை கட்டுகிறாள். அவர் சிரித்துக்கொண்டே கூடுதலை இறக்கிவிடுகிறார். இன்ஜின் பிழைக்கிறது. அடுத்த ஆயில் மாற்றத்துக்கு மறுபடி மூன்று பேரும்—

இது தங்குதடையில்லாமல் வந்தது. அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன்.

7

மணி மூன்றே கால். சற்று முன் ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "என்னங்க! வண்டியைப் பட்டறைக்குள்ள சிமெண்ட் தரையில நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. அம்மா, நீயும் வா. ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காருங்க."

இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். இந்தக் கதைக்கு வாசகர்கள் இரண்டே பேர், ஜன்னல் வழியாக நான் நீட்டிய இந்தத் தாள்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்.

அம்மா, இந்த எழுத்து உன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உன் மாப்பிள்ளைதான் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார். கிளட்ச் விஷயத்தையும் அவர் வாயாலேயே படித்திருப்பார். (என்னங்க, விட்டுவிட்டீர்களா? திரும்பப் போய்ப் படியுங்கள்.) உன் கண்ணைப் பற்றி எழுதியதற்குக் கோபித்துக்கொள். என்னிடம் மட்டும் கோபித்துக்கொள். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு உயிர். அதைக்கூட இதுவரை தனித்தனியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் படிக்கும் வேகத்துக்கு இது பத்து நிமிஷக் கதை. நீட்டியிருந்தால் லோடுக்கு நேரமாகிவிடும். குறைத்திருந்தால் ஆயில் இறங்கியிருக்காது. இந்நேரம் இறங்கியிருக்கும்.

எழுந்திருங்கள். அம்மா குச்சியை எடுத்துத் துடைத்து, போட்டு, உருவிப் பிடிக்கட்டும். என்னங்க, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். கூடுதலாக இருந்தால் கூடுதல் என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றியிருந்தால் அளவு சரியாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. இறக்க வேண்டியிருந்தால் ஸ்பானர் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது.

என்ன காட்டியது என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நான் ஜன்னலைச் சாத்தப் போகிறேன்.