பதினேழாம் எண் மேற்கோள்காரர்

கிரிஜா ஒரு மேற்கோளைத் தப்பாகப் போட்டால், அந்த மேற்கோளுக்குரிய கட்டுரையை எழுதியவர் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். ஹைதராபாத்தின் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் பதினொரு வருடமாக இது நடக்கிறது. இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. டாக்டர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை, மருத்துவ இதழ்கள் கேட்கிற விதத்தில் ஒழுங்கு செய்து கொடுப்பது அவள் வேலை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம், எங்கே கமா, எங்கே அரைப்புள்ளி என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். முதன்முதலில் வந்தவர் ஒசாகாவின் எலும்பு மருத்துவர் ஒருவர். பக்க எண்ணில் எட்டுக்குப் பதில் மூன்று விழுந்துவிட்டது. மனிதர் சோபாவில் இரண்டு நாள் இருந்தார், உப்புமாவைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார், எண்ணைத் திருத்திய நிமிடமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு பிரேசில்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள், இதழின் பெயரில் ஒரு புள்ளி கூடிப்போனதற்காக. உயிரோடு இருப்பவர்களும் வருவார்கள், காலமானவர்களும் வருவார்கள். பசியில் வித்தியாசம் இல்லை. என்ன பிழை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சனத்நகர் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் தியாகு, வீட்டில் எத்தனை பேர் என்று போனில் கேட்டுக்கொண்டுதான் காய்கறி வாங்குவான்.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் இருதயராஜ் வந்தார். ஒல்லியான உடம்பு, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, பெயர் எழுதிய தோல் பை. அவர் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. கிரிஜாவின் கையில் அப்போது இருந்தது குழந்தை மருத்துவர் தண்டபாணியின் கட்டுரை. கோயம்புத்தூர்க்காரர், ஹைதராபாத் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை, கெட்டிக்காரர், அது தனக்கே தெரிந்தவர். வலிப்பு வரும் கைக்குழந்தைகளுக்கு ஒரு மருந்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்பது அவர் வாதம். மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை இதழுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலையிலிருந்து அவருடைய வார்டில் பதினான்கு குழந்தைகளுக்கு அந்த அளவில் மருந்து ஆரம்பம். மேற்கோள்கள் நாற்பத்திரண்டு. இருதயராஜ் பதினேழாம் எண்.

கிரிஜா சரிபார்த்தாள். பெயர் சரி, 1978 சரி, தொகுதி சரி, பக்கம் சரி. ஆள் நகரவில்லை. அரைப்புள்ளிகளை அழித்து மறுபடி போட்டாள். டீ கொடுத்தாள், குடித்தார், நகரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த மகள் சாஹித்யா தெலுங்கில், "அம்மா, ஆயன இங்கா வெள்ளலேதா?" என்றாள்.

"இன்னும் போகல. நக்கோடி, இப்ப என்கிட்ட பேசாத" என்றாள் கிரிஜா. செகந்திராபாத்தில் பிறந்தவள், பதற்றம் வந்தால், வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் சொல்கிற நக்கோவும் கூடவே வந்துவிடும்.

பயம் அவளுக்கு அப்போதுதான் பிடித்தது. எழுத்தில் பிழை இல்லையென்றால், பதினேழு என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிற வாக்கியத்தில் பிழை. 'இந்த அளவு கைக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என நிறுவப்பட்டுள்ளது' என்று அந்த வாக்கியம் சொன்னது. பதினொரு வருடத்தில் தான் ஒழுங்கு செய்த மேற்கோள்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. அது அவள் வேலையும் இல்லை. எழுதுகிற டாக்டர்களில் பலரும் படிப்பதில்லை. இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவார்கள், அவர் வேறொருவரிடமிருந்து எடுத்திருப்பார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

1978ஆம் வருடத்து இதழ் நெட்டில் இல்லை. கோட்டி பகுதியில் ஒரு பழைய மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருப்பதாகத் தெரிந்ததும் மெட்ரோ பிடித்தாள். இருதயராஜ் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். நூலகர் சாப்பிடப் போயிருந்தார். பூட்டின கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நாற்பது நிமிடம் நின்றார்கள். கிரிஜா நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தாள், அவர் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு, தூசியும் பூச்சிமருந்து வாசனையுமாக அந்தத் தொகுதி கைக்கு வந்தது. கட்டுரை மொத்தம் நாலு பக்கம். ஒன்பது குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு கொடுத்தோம், இரண்டு குழந்தைகளுக்கு மூச்சு நின்றுபோனது, காப்பாற்ற முடியவில்லை, இந்த அளவை இனி எவரும் கொடுக்க வேண்டாம். இவரை மேற்கோள் காட்டிய மற்றக் கட்டுரைகளைக் கிரிஜா போனில் தேடிப் படித்தாள். அடுத்து வந்தவர் 'கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார், அதற்கடுத்தவர் 'கொடுப்பது உண்டு' என்றார், நாற்பது வருடத்தில் அது பாதுகாப்பானதாக ஆகிவிட்டது. இருதயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிரிஜாவுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத் தண்டபாணியைப் போனில் கூப்பிட்டாள்.

"பதினேழு வேண்டாம்னா எடுத்துடுங்க, அதையே சொல்ற பேப்பர் பத்து இருக்குதுங்க" என்றார் தண்டபாணி.

"பத்தும் இவரைத்தான் சார் கை காட்டுது."

"கிரிஜா, கமாவை நீங்க பாருங்க. மருந்தை நான் பாத்துக்கறேன். காலைல நீங்க அனுப்பின ஃபைல் எங்கிட்ட இருக்குது, ஜர்னலுக்கு நானே அனுப்பிக்கறேன்." போனை வைத்துவிட்டார். மூன்று வருட உழைப்பு. அவர் கோபமும் புரியாததில்லை.

திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் யாரும் இல்லை. பிழை திருந்தாமல் ஒருவர் கிளம்பிப் போனது அதுவரை நடந்ததில்லை. இவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தாள். ஆட்டோ பிடித்துத் தண்டபாணியின் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். லக்டிகாபூல் நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டது. மணி நாலு இருபது. நாலரை. வார்டு நர்ஸின் நம்பர் அவளிடம் இல்லை, குழந்தைகளின் பெற்றோர் யாரென்று தெரியாது, கமா போடுகிறவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்றும் தெரியாது. அப்போது போன் அடித்தது.

டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "கிரிஜா, என் ரூம்ல ஒருத்தர் வந்து உக்காந்திருக்காருங்க. செக்யூரிட்டி யாரையும் உள்ள விடலைங்கறான். கறுப்புக் கண்ணாடி, தோல் பை. பேச மாட்டேங்கறார். யாருங்க இது?"

"பதினேழு, சார்" என்றாள் கிரிஜா.

தெரியாமல் செய்தவரைக்கும் பிழை அவளுடையது. தெரிந்த பிறகு அது டாக்டர் கைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். டாக்டர் நாற்காலியை இழுக்கிற சத்தம் போனில் கேட்டது. எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் அனுப்பிய நாலு பக்கத்தையும் தண்டபாணி அப்போதுதான் படித்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வார்டைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை மருந்தை நிறுத்தச் சொன்னார். கட்டுரை போகவில்லை, மூன்று வருடமும் போயிற்று. பதினான்கு குழந்தைகளும் பழைய அளவிலேயே மருந்து குடித்துத் தேறி, ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

இருதயராஜ் எழுந்து, செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். தண்டபாணியே காரில் கூட்டிக்கொண்டு போனார். வழியில், வேறு எங்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது என்று விசாரித்தார். "என்னைத் தப்பாக் காட்டின பேப்பர் இன்னும் அறுபத்திரண்டு இருக்கு தம்பி, அடுத்தது நாக்பூர்" என்றார் இருதயராஜ். நாக்பூர் வண்டி அன்றைக்கு நாற்பது நிமிடம் தாமதம். டாக்டர் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் அவர்கூட நின்றார்.